மணிச்சோடா

2003 ஆடி மாதம், சோழகக் காற்று புழுதியை வாரி வாரிக் கடைக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா மல்லாவிக்கு வந்து இறங்கினார். போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை, அதாவது கண்டி யாழ்ப்பாண வீதி, திறந்து ஒரு வருடம் கடந்திருந்தது. அந்த நாட்களில் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வராத வீடு வன்னியில் குறைவு. எல்லோரும் கொண்டுவருவதைத்தான் சித்தப்பாவும் கொண்டுவந்தார்: சொக்லேற், சவர்க்காரம், அப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரம். கடைசியாக, சேட்டுக்குள் சுற்றி வைத்திருந்த ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணை, இது உன்ரை கடைக்கு. குடிக்கிறதுக்கில்லை. பாக்கிறதுக்கு."

எனக்கு அப்போது பத்து வயது. அந்தப் போத்தலைக் கையில் வாங்கி வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்த அந்த நிமிடம் இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. தண்ணீர் போலத் தெளிந்த பானம். அதற்குள் செம்மஞ்சள் நிறத்தில், மிளகளவில், நிறைய மணிகள். ஒன்றுகூட மிதக்கவில்லை. ஒன்றுகூடத் தாழவில்லை. மேலே கொஞ்சம், நடுவே கொஞ்சம், அடியில் கொஞ்சம் என்று நின்ற நின்ற இடத்திலேயே நின்றன. போத்தலைச் சரித்தால் எல்லாம் சேர்ந்து மெதுவாகச் சரிந்தன. நிமிர்த்தினால் போய் நின்ற இடத்தில் அப்படியே உறைந்தன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு மணியாவது கீழே இறங்கும் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை.

தேத்தண்ணிக்கு வந்திருந்த ஐயா ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மோனை, வவுனிக்குளத்துத் தவளை முட்டையே?" என்று கேட்டார். உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. மாரியில் குளக்கரைப் புல்லடியில் தவளை முட்டை பார்த்தவர்களுக்கு வேறு உவமை வராது.

அந்தப் பானத்தின் பெயர் ஓர்பிட்ஸ். எங்கள் தெருப் பிள்ளைகள் அதற்கு அன்றைக்கே வைத்த பெயர் மணிச்சோடா. உள்ளே காஸ் இல்லை, நுரை இல்லை, ஆகவே அது சோடாவே இல்லை. ஆனால் எங்கள் ஊரில் மூடி போட்ட போத்தலில் இனிப்பாக எது வந்தாலும் சோடாதான்.

சித்தப்பா அதன் கதையை அன்றிரவு முற்றத்தில் பாயில் இருந்து சொன்னார். 1997இல் அவர் ஸ்காபரோவில் ஒரு மூலைக்கடையில் இரவு வேலை செய்துகொண்டிருந்தார். அந்த வருடம்தான் இந்தப் போத்தல்கள் வந்தன. செய்தது வன்கூவரைச் சேர்ந்த கிளியர்லி கனேடியன் என்ற நிறுவனம். 80களின் கடைசியில் தொடங்கி, நீலம் பூசினாற்போன்ற கண்ணாடிப் போத்தலில் பழவாசம் சேர்த்த காஸ் தண்ணீர் விற்றுப் பேர் எடுத்தவர்கள் அவர்கள். கோலா குடித்துச் சலித்தவர்களுக்கு அது புதுசாக இருந்தது. ஆனால் அந்தப் புதுசைக் கண்டு எல்லோரும் அதே சந்தைக்குள் இறங்கினார்கள். பெப்சிகூடத் தன் கறுப்புச் சாயத்தைக் கழுவிவிட்டு, 1992இல் கிறிஸ்டல் பெப்சி என்று நிறமில்லாத ஒன்றை இறக்கியது. ஒன்றிரண்டு வருடத்துக்குள் அது தட்டிலிருந்து இறங்கிவிட்டது. சினாப்பிள் என்ற பழரச நிறுவனத்தை 1994இல் 170 கோடி டொலர் கொடுத்து வாங்கிய குவேக்கர் நிறுவனம், 1997இல் அதை 30 கோடிக்கு விற்றுவிட்டுக் கையைக் கழுவியது. அப்படி எல்லோருக்கும் கால் வழுக்கிய வருடத்தில்தான், சும்மா வாசத் தண்ணீர் போதாது, கடைக்குள் வருகிறவனின் காலை நிறுத்தும் சாமான் வேண்டும் என்று ஓர்பிட்ஸ் வந்தது.

கால்கள் நின்றன. சித்தப்பா அதை நன்றாக விபரித்தார். "ஆக்கள் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, எடுத்து, திருப்பித் திருப்பிப் பாப்பினம். பக்கத்திலை நிக்கிறவருக்குக் காட்டுவினம். சிரிப்பினம். வாங்குவினம்." பழங்களை இரண்டு மூன்றாகச் சேர்த்த சுவைகள்: வனிலாவும் ஒரேஞ்சும், ராஸ்பெரியும் எலுமிச்சை இனமும், அன்னாசியோடு வாழைப்பழமும் செரியும் தேங்காயும். விளம்பரத்தில் இதைச் சாதாரணக் குடிபானம் என்றே சொல்லவில்லை. வாயில் தட்டுப்படும் தன்மை கூட்டப்பட்ட மாற்றுப் பானம் என்றார்கள். ஓர்பிட் என்றால் கோள் சுற்றும் பாதை. பெயருக்கு ஏற்றபடி கோள்கள் வானத்தில் தொங்குவதுபோல மணிகள் தொங்கின.

"பிறகு?" என்று கேட்டேன்.

"அடுத்த கிழமை அதே ஆள் வந்தால் அலுமாரியைத் திறந்து கோலாவை எடுத்துக்கொண்டு போவார்."

ஏறத்தாழ ஒரு வருடத்தில் எல்லாம் முடிந்துபோயிற்று. சித்தப்பாவின் கடையில் மிஞ்சிய ஒன்றை முதலாளி அவரிடமே கொடுத்துவிட்டார். தன் அறை யன்னலில் அதை ஆறு வருடம் வைத்திருந்தார். அந்த ஆறு வருடத்தில் ஒரு மணிகூடத் தாழவில்லையாம்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டாவது போத்தல் போகேல்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்பா அதைச் சும்மா சொல்லவில்லை. கடைக்காரருக்கு ஒரு சோடாவின் சீவன் எங்கே இருக்கிறதென்று தெரியும். பாதை திறந்த பிறகு மல்லாவிக்கு வந்த நிறங்களை நினைத்தால் இன்றைக்கும் கண் கூசும். நெக்டோ, ஒரேஞ் பார்லி, கிறீம் சோடா என்று லொறியில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. ஐஸ்கட்டி நிரப்பிய றெஜிபோம் பெட்டிக்குள் போத்தல்களைப் புதைத்து வைத்து விற்றோம். எது ஓடுகிறது என்பதை அப்பா விற்ற காசைப் பார்த்துக் கணக்கிடுவதில்லை. வெறும் போத்தலைப் பார்த்துத்தான் கணக்கிடுவார். கண்ணாடிப் போத்தல் திரும்பிப் போக வேண்டியது. ஆகவே கடைக்குப் பின்னால் பெட்டியில் வெறும் போத்தல்கள் அடுக்கியிருக்கும். நெக்டோப் பெட்டி ஒவ்வொரு கிழமையும் ஒரே அளவில் நிறையும். அதுதான் நல்ல சோடா என்பார். ஒரு கிழமை நிரம்பி வழிந்து, மறுகிழமை பாதி, அதற்கடுத்த கிழமை மூன்று போத்தல் என்றால், லொறிக்காரரிடம் அடுத்த பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

அப்படி ஒன்று எங்களுக்கும் வந்தது. 2004 என்று நினைவு. கடும் நீல நிறத்தில் ஒரு புதுச் சோடா. பெயரை விட்டுவிடுகிறேன். குடித்தால் நாக்கு நீலமாகும். பள்ளிக்கூடம் விட்டால் பெடியள் எல்லோரும் நாக்கை நீட்டிக்கொண்டு தெருவில் நின்றார்கள். வகுப்பில் ஆசிரியர் ஒருவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பரிசோதித்தார். நாலே நாளில் ஆறு பெட்டி. நான் அப்பாவிடம் இன்னும் பத்துப் பெட்டி எடுங்கோ என்று அரித்துப் பார்த்தேன். அவர் இரண்டுதான் எடுத்தார். அந்த இரண்டில் ஒன்று அடுத்த வருடப் பொங்கலுக்கும் இருந்தது. நாக்கு நீலமாவதை ஒருமுறை பார்த்தால் போதும். இரண்டாம் முறை அதே நீலம்தானே.

இதே கடையில் வருடக்கணக்காக அலுக்காமல் ஓடியது ஒரு சர்பத்.

தமிழ்நாட்டில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கசகசா என்றால் குருமாவுக்கு அரைக்கிற வெள்ளைக் கசகசாவை நினைப்பீர்கள். எங்களுக்குக் கசகசா என்றால் நீங்கள் சப்ஜா என்று சொல்லும் திருநீற்றுப்பச்சை விதை. காய்ந்திருக்கையில் எள்ளைவிடச் சிறிய கறுப்புத் துகள். அப்பா இரவில் ஒரு தேக்கரண்டியை எடுத்துச் சட்டித் தண்ணீரில் போட்டு மூடிவைப்பார். காலையில் பார்த்தால் சட்டி நிறைந்திருக்கும். ஒவ்வொரு விதையும் தன்னைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையில் ஒரு வழுவழுத்த சட்டை போட்டிருக்கும். நடுவில் கறுப்புப் புள்ளி. விரலால் தொட்டால் வழுக்கி ஓடும். இதுவும் தவளை முட்டைதான், ஆனால் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

நீண்ட கண்ணாடிக் குவளை. அடியில் சிவப்புச் சிறப். மேலே இரண்டு கரண்டி கசகசா. பாதித் தேசிக்காய். பிறகு குளிர்ந்த தண்ணீர். ஊற்றியதும் விதைகள் சுழன்று மேலே எழும். விட்டால் மெல்ல மெல்ல அடிக்கு வந்துவிடும். அதனால் ஒவ்வொரு குவளையையும் கொடுப்பதற்கு முன் நீளக் கரண்டியால் ஒரு கலக்குக் கலக்க வேண்டும். குடிப்பவரும் இடையிடையே குவளையைச் சுழற்றிச் சுழற்றிக் குடிப்பார். கரண்டி கண்ணாடியில் அடிக்கும் அந்தச் சத்தம் கேட்டால் தெருவில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

ஓர்பிட்ஸ் வந்த அதே 1997இல் இங்கே என்ன நடந்தது என்பதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த வருடம் மே மாதம் 13ஆம் திகதி வன்னிக்குள் இலங்கை இராணுவத்தின் ஜெயசிக்குறு படை நடவடிக்கை தொடங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், கிளிநொச்சியிலிருந்து வந்தவர்கள் என்று மல்லாவி நிரம்பி வழிந்தது. பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, ஐஸ் இல்லை. கிணற்றுத் தண்ணீரை மண்பானையில் ஊற்றி, ஈரச் சாக்குச் சுற்றி, வேப்பமர நிழலில் வைத்துக் குளிரப்பண்ணினார்கள். சீனி விலைக்குச் சிறப் கட்டாது, ஆகவே பனங்கட்டிப் பாகு. நிறம் சிவப்பல்ல, மண்ணிறம். அப்போதும் அந்தச் சர்பத் போனது. வெயிலில் நடந்து வந்தவருக்கு வயிற்றைக் குளிரவைக்க ஒன்று வேண்டும், அதைக் கசகசா செய்தது.

எனக்கு ஓர்பிட்ஸ் மீது ஏளனம் கிடையாது. அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த மணிகளைத் தொங்கவைத்த மூளைக்கு நான் இன்றைக்கும் தலைவணங்குவேன். பல வருடம் கழித்துத்தான் அது எப்படி என்று படித்தேன்.

இதில் இரண்டு வேலை நடந்திருக்கிறது. முதலாவது எங்கள் கமக்காரருக்குத் தெரிந்ததுதான். விதைநெல் தெரிவதற்கு உப்புத் தண்ணீர் கரைப்பார்கள். கோழிமுட்டை போட்டால் அது மிதக்கும் பதம் வர வேண்டும். அந்தப் பதத்தில் நெல்லைக் கொட்டினால் பதர் மேலே, மணி கீழே. ஓர்பிட்ஸில் மேலும் கீழும் போகக் கூடாது. ஆகவே மணியின் அடர்த்தியையும் பானத்தின் அடர்த்தியையும் கிட்டத்தட்ட ஒன்றாக்கினார்கள். ஆனால் கிட்டத்தட்ட என்பது போதாது. கடைத் தட்டில் மாதக்கணக்காக நின்றால் அந்தச் சின்ன வித்தியாசமே மணியை இழுத்துவிடும்.

இரண்டாவது வேலைக்கு ஒடியற்கூழை நினைத்துக்கொள்ளுங்கள். கூழில் மீன்துண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் அடியில் போய்ப் படுக்காமல் நடுவில் நிற்கும், கூழின் தடிப்பு தாங்குவதால். ஆனால் கூழுக்குள் கண் போகாது. பானத்தையும் அப்படித் தடிப்பாக்கினால் யார் குடிப்பார்கள்? இங்கேதான் ஜெலன் என்ற பசை வந்தது. மிகச் சிறிதளவு போதும். பானத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத சிலந்திவலைபோல ஒன்றைக் கட்டிவிடும். அந்த வலை மணியைத் தாங்கும் அளவுக்குப் பலமானது, வாயில் ஊற்றினால் உடனே அறுந்து தண்ணீராக ஓடும் அளவுக்கு மெல்லியது. சீனி சேர்ந்தால் இன்னும் தெளிவாகி, வலை இருப்பதே தெரியாது. பத்து வயதில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேனே, அந்த மணிகளைப் பிடித்து வைத்திருந்தது இந்த வலைதான்.

இந்த ஜெலனை 1978இல் அமெரிக்காவின் கெல்கோ என்ற நிறுவனத்தார் கண்டுபிடித்தார்கள். எங்கிருந்து? பென்சில்வேனியாவில் ஒரு குளத்தில், நீர்ச்செடியில் வாழ்ந்த பற்றீரியாவிலிருந்து. அந்தப் பற்றீரியாவின் பெயரிலேயே எலோடியா என்ற நீர்ச்செடியின் பெயர் ஒட்டியிருக்கிறது. எலோடியா வேறு ஒன்றுமில்லை, சாதாரண தரத்தில் ஒளித்தொகுப்புப் பரிசோதனைக்குப் புனலால் மூடிக் குமிழி எண்ணுவோமே, அந்த ஐதரில்லாவின் குடும்பம். இதை வாசித்த அன்று எனக்கு அந்தத் தேத்தண்ணிக்கடை ஐயாவின் நினைவு வந்தது. போத்தலுக்குள் குளம் இருக்கிறதென்று அவர்தான் முதலில் சொன்னவர். அவர் இப்போது இல்லை.

கிளிநொச்சியில் விவசாயம் படித்த காலத்தில், இழைய வளர்ப்புப் பாடத்தில் இந்தப் பெயர் மறுபடி வந்தது. நாங்கள் குடுவைக்குள் ஏகார் என்ற கடற்பாசிப் பசையை ஊற்றி அதன்மேல் வாழைக்குருத்து வைத்துக்கொண்டிருந்தோம். ஏகாருக்குப் பதிலாகச் சில இடங்களில் ஜெலன் பாவிப்பார்கள், கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால் வேர் இறங்குவதை நன்றாகப் பார்க்கலாம் என்று விரிவுரையாளர் சொன்னார். நான் கையை உயர்த்தி, "சேர், எங்கட கடையிலை ஒண்டு இருந்தது" என்றேன். வகுப்பு திரும்பிப் பார்த்தது. மணிச்சோடாக் கதை முழுவதையும் சொல்லவைத்துக் கேட்டார்கள்.

பானம் தோற்றது, பசை தோற்கவில்லை. இன்றைக்கு சோயாப்பால், பாதாம்பால் பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் ஜெலன் என்றோ ஈ418 என்றோ இருக்கும். சேர்த்த கல்சியம் அடியில் போய்ப் படியாமல் அது தாங்கிக்கொள்கிறது. அங்கே அதற்கு ஒரு வேலை இருக்கிறது. ஓர்பிட்ஸில் அது தாங்கிய மணிக்குத்தான் வேலை இருக்கவில்லை. குளிர்ச்சி இல்லை, பசியாறல் இல்லை, சப்பினால் தனியாக ஒரு ருசி என்றும் இல்லை. குடித்த பலர் இருமல் மருந்தை நினைத்துக்கொண்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். விழுங்கும்போது தொண்டையில் எதிர்பாராமல் ஏதோ தட்டுப்படுவது, அந்தப் பழக்கம் இல்லாத ஊரில் அருவருப்பாகத்தான் இருந்திருக்கும். கசகசாவும், தாய்வானிலிருந்து உலகம் சுற்றிய மரவள்ளிமா மணித் தேநீரும் குடித்துப் பழகிய வாய்க்கு அது ஒரு பொருட்டே அல்ல. பிறகு வந்த வருடங்களில் அந்த மணித் தேநீருக்குக் கனடாவிலேயே வரிசையில் நின்றார்கள். ஆகவே மேற்கத்தைய வாய் மணியை ஏற்காது என்று சிலர் எழுதியதை நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். மணித் தேநீரில் மணியைச் சப்புவதற்காகத்தான் வாங்குகிறார்கள். ஓர்பிட்ஸில் மணி கண்ணுக்காகப் போட்டது. கண் போத்தலைக் கடையிலேயே குடித்து முடித்துவிடுகிறது.

2001இல் பயணச் சீட்டு விற்கும் நிறுவனம் ஒன்று அதே பெயரில் வந்தது. இப்போது இணையத்தில் அந்தப் பெயரைத் தேடினால் விமானமும் விடுதியும்தான் முதலில் வரும். திறக்காத போத்தல்களைச் சேகரிப்பவர்கள் ஏலத்தில் விற்று வாங்குகிறார்கள் என்று சித்தப்பா ஒருமுறை தொலைபேசியில் சொன்னார். "உன்ரை போத்தல் இருந்தால் காசு, அண்ணை."

இருந்தது.

2008 ஆவணியில் மல்லாவியை விட்டு வெளிக்கிட்டபோது, கிணற்றடிக்குப் பின்னால் கிடங்கு வெட்டிக் கொண்டுபோக முடியாதவற்றைப் புதைத்தோம். குத்துவிளக்கு, பித்தளைச் செம்புகள், அம்மாவின் தையல் மெசினின் தலை. பெரிய அண்டாவுக்குள் உமியைக் கொட்டி அதற்குள் சர்பத் குவளைகளை இறக்கினார் அப்பா. நடுவில் இந்தப் போத்தலையும் வைத்தார். ஒரு மாதத்தில் வந்து எடுக்கலாம் என்றுதான் நினைத்தோம். அதற்குப் பிறகு நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது வேறு எழுத்து.

2010இல், செட்டிகுளம் முகாமிலிருந்து வந்து, வளவு கண்ணிவெடி அகற்றிய வளவு என்று உறுதியான பிறகு, அண்ணா கிடங்கைத் தோண்டினார். வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு இருந்தது, ஆகவே இடத்தைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. மண்வெட்டி அண்டாவில் பட்டு ஒலித்ததும் அம்மா அழத் தொடங்கிவிட்டார். குவளைகளில் நாலு உடைந்திருந்தன, எட்டு நல்லாயிருந்தன. உமி முழுக்கக் கறையான் ஏறியிருந்தது. போத்தலில் ஒட்டியிருந்த கடதாசியை ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல் கறையான் தின்றுவிட்டது. மூடி துருப்பிடித்துப் போயிருந்தது, ஆனால் இளகவில்லை. பானம் கொஞ்சம் மங்கியிருந்தது.

அப்பா அதைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, சேட்டு நுனியால் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பாதி மணிகள் அடியில் படுத்திருந்தன. பாதி இன்னும் நின்ற இடத்திலேயே நின்றன. அப்பா போத்தலை ஒருமுறை, கரண்டி போட்டுக் கலக்குகிற அதே கைப்பாங்கில், சுழற்றினார். படுத்திருந்தவையும் எழுந்தன. நாங்கள் எல்லோரும் சுற்றிநின்று அவை திரும்ப இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்க நெடுநேரம் எடுத்தது.

கடை 2011இல் திரும்பத் திறந்தது. அந்த எட்டுக் குவளையில் மூன்று இன்னும் பாவனையில் இருக்கின்றன. போத்தல் மேல்தட்டில், கசகசாப் போத்தலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சித்தப்பாவின் ஏலக் கதையை அப்பா காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. கடதாசி இல்லாததால் பார்ப்பவர்களுக்கு அது என்னவென்று தெரிவதில்லை. மருந்தோ என்று சிலர் கேட்பார்கள்.

போன சித்திரை வெக்கையில் கடையில் அப்பாவோடு நின்றேன். பள்ளிக்கூடச் சீருடையோடு ஒரு சின்னப் பிள்ளை வந்து, மேல்தட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். வாய் திறந்திருந்தது.

"அது என்ன சோடா, அப்பப்பா?"

"மணிச்சோடா."

"என்ன விலை?"

"அது விக்கிறதில்லை, பிள்ளை. எடுத்துத் தாறன், வடிவாப் பார்." அவர் முக்காலியில் ஏறிப் போத்தலை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "பாத்து முடிஞ்சால் சொல்லு. சர்பத் கலக்கிறன்."